மாடிக்கு ஒரு வயர், கீழ்வீட்டுக்கு ஒரு வயர்

பட்டர்வொர்த் கரையிலிருந்து தீவுக்குத் திரும்பும் ஃபெரிப் படகில், தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். மூத்தவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"மாடியில கொழுந்தன் சேனல் மாத்துனா, கீழ என் டிவியில படம் போயிருது! வேலை முடிஞ்சு நான் பாக்குறதே ஒரு நாடகம்."

"ஒரே வயரப் பிரிச்சுக் கொடுத்தா அப்படித்தான்க்கா. டிஷ்லேர்ந்து ஒவ்வொரு டிவிக்கும் தனி வயர் இழுக்கணும்."

"வயர்க்காரனும் அதத்தான் சொன்னான். மாமியார் அவன ஏணியில ஏற விடல லா. தனி வயர் போட்டா குடும்பம் பிரிஞ்சிருமாம்! மாடியில தனி அடுப்பு வெச்சப்ப பிரியலையா?"

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"அம்மா சொன்னா சரியாம்."

ஃபெரி கரையை நெருங்கியது. மூத்தவர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே புது வயர்ச் சுருள்.

"நாளைக்கு மாமியார் கோயிலுக்குப் போவாங்க. நானே ஏறுறேன். நீ வந்து ஏணியப் புடி."