மாமியார் கத்தாத காலை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே டிக் அடிப்பதென்றால் பிடிக்கும் ஐயா. கட்டத்துக்குள் அது வளைந்து உட்காரும் அழகே தனி. அதனால்தான் வாட்டர் ஹீட்டர் கம்பெனியில் மின்கசிவு சோதிக்கும் வேலையில் பன்னிரண்டு வருடம் சலிக்காமல் இருந்தேன். ஹீட்டரின் உடம்பில் கிளிப்பை மாட்டிப் பட்டனை அழுத்துவேன். கரண்ட் அளவுக்கு மேல் கசிந்தால் மெஷின் அலறும். அலறாவிட்டால் என் கையெழுத்தோடு பச்சை ஸ்டிக்கர். குரங்குக்குக்கூட இதைப் பழக்கிவிடலாம். குரங்கு கையெழுத்துப் போடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மெஷினையும் சோதிக்க வேண்டுமே. அதற்காகவே கெடுத்துவைத்த ஹீட்டர் ஒன்று உண்டு. மாட்டினாலே கத்தல் ஆரம்பித்துவிடும் என்பதால் அதற்கு 'மாமியார்' என்று பெயர். தினமும் காலையில் மாமியாரை மாட்டி, அலறலைக் கேட்டு, நோட்டில் டிக் அடிக்க வேண்டும். இத்தனை வருடம் கத்தியவள் இன்றைக்கு மட்டும் சும்மாவா இருக்கப்போகிறாள் என்று, நான் டிக்கை மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் ஒரு ஹீட்டர்கூட ஃபெயில் ஆகவில்லை. மானேஜர் என் போட்டோவைச் சுவரில் மாட்டினார். நல்ல ஹீட்டரிலும் துளி கசியும், சுத்தப் பூஜ்யம் வராது. எனக்கு எல்லாமே பூஜ்யமாக வந்தது. உறுத்தலில் ஒருநாள் மாமியாரை மாட்டினேன். கத்தவில்லை. கிளிப்பின் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. அதாவது, இரண்டு வாரமாக நான் காற்றைச் சோதித்திருக்கிறேன். ஒயரை மாற்றினேன். டிக் அடித்தேன். நானூற்றுச் சொச்ச ஹீட்டர்கள் கடைக்குப் போய்விட்டிருந்தன. சொல்லியிருந்தால் திரும்ப வாங்கியிருப்பார்கள், போட்டோவையும் கழற்றியிருப்பார்கள். அந்தப் போட்டோவில் நான் நன்றாக விழுந்திருந்தேன்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். அக்கா என்றால் எனக்கு உயிர்.

"உன் கையெழுத்தப் பார்த்துத்தான்டா இந்த ஹீட்டர வாங்குனேன். குழாயத் தொட்டா லேசா சுர்ருங்குது. பரவாயில்லையா?"

"புதுசுல அப்படித்தான்க்கா இருக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் குளி."

"நீ சொன்னா சரிதான்" என்று சிரித்தாள்.

நான்கு நாள் கழித்து அத்தான் குளியலறைக் கதவை உடைத்து அவளை வெளியே தூக்கினார். ஹீட்டரைச் சோதிக்க எங்கள் கம்பெனிக்கே அனுப்பினார்கள். கெட்டிக்காரன் என்று அது என்னிடமே வந்தது. மாட்டினேன், மாமியாரைவிட மோசமாக அலறியது. 'கசிவு பூஜ்யம், வீட்டு ஒயரிங்கில் கோளாறு' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒயரிங்கைச் செய்தவர் அத்தான். தன் கையாலேயே அவளைக் கொன்றுவிட்டதாக அவர் கதறியபோது முதுகைத் தடவிக் கொடுத்தவனும் நான்தான்.

துளிக் கசிவாவது எழுதியிருக்கலாம். கைப்பழக்கம், பூஜ்யம் போட்டுவிட்டேன். நல்ல ஹீட்டரிலும் வராத அந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான் உங்கள் ஆள் என்னைப் பிடித்தார். பன்னிரண்டு வருட அனுபவசாலி!

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ரப்பர் செருப்பு குளியலறைக்கு வெளியேதான் கிடந்தது. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் அக்கா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.