கண்ணாடிகளுக்கு நடுவே வெளிச்சம்

மூதூர் பஸ் துறைமுக வாசலில் நின்றபோது, முன் ஆசனத்து அம்மா தன் தம்பி மனைவியிடம் ஜேர்மனியில் இருக்கும் தன் மகனின் ஆராய்ச்சியைப் பஸ் முழுக்கக் கேட்கும்படி விளக்கினார்.

"வெளிச்சத்துக்குப் பாரமே இல்லையாம், மச்சாள். ரெண்டு கண்ணாடிக்கு நடுவில அடைச்சு வைச்சால், பாரம் வந்த மாதிரி நடக்குமாம்."

"இதுக்கு ஏன் ஜேர்மனிக்குப் போனவர்? என்னைப் பார்த்திருக்கலாமே. குசினி அடுப்புக்கும் கிணத்தடிக்கும் நடுவில என்னை அடைச்சு வைச்சவர் உங்கட தம்பி. பாரம் கூடிப்போச்செண்டு பகிடி பண்ணுறவரும் அவர்தான்."

"அந்தக் கதையை விடுங்கோ. என்ர மகனுக்கு உங்கட மகளைத் தாறீங்களோ, இல்லையோ?"

"கலியாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகக்கூடாது எண்டனீங்கள், என்ன?"

"ஓம்."

"அப்ப அவளை எந்த ரெண்டு கண்ணாடிக்கு நடுவில வைக்கப்போறார் எண்டு உங்கட மகனிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."