சைக்ளாய்டு டீச்சர் அருந்ததி

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பள்ளித் தாளாளர் பாக்கர் அவர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளே, மாலைக் கணக்கெடுப்புக்குள் அகதிகள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டிய அருந்ததியின் உறவினர்களே! உங்களுக்காகச் சுருக்கமாகவே பேசுகிறேன்.

ஓடும் சைக்கிள் டயரில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி காற்றில் வரைந்துகொண்டு போகிற வளைவுதான் சைக்ளாய்டு. கலிலியோ அதைத் தகட்டில் வெட்டி எடை போட்டுப் பார்த்தார். அதே தகட்டில் வெட்டிய சக்கரத்தின் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. சரியாக மூன்று என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. மூன்றேதான் என்று பின்னால் வந்தவர்கள் நிறுவினார்கள். தமிழாசிரியையான எனக்கு இதையெல்லாம் யார் சொன்னது? பதினாறு ஆண்டுகள் என் பக்கத்து நாற்காலியில் இருந்த கணித ஆசிரியை அருந்ததி சொன்னார்!

ஒருமுறை அந்த வளைவைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு மரச்சட்டம் செய்து வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் உச்சியிலிருந்து ஒரு கோலிக்குண்டு, மறுபக்கம் அடிக்குச் சற்று மேலிருந்து இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் அடியில் வந்து ஒன்றாக முட்டிக்கொண்டன!

"ஏதோ ஏமாத்துறீங்க டீச்சர், இன்னொருக்கா விடுங்க!" என்று கத்தினாள் பதினோராம் வகுப்பு மின்ஹா. விட்டார். மீண்டும் விட்டார். மணி அடித்தும் ஒரு பிள்ளையும் எழவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு என்ன கிடைத்தது? ஐந்து வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். முதுகலைக் கணிதத்தில் முதல் வகுப்பு. ஒரு கல்லூரி அவரை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது. பிறகு குடியுரிமைச் சான்று கேட்டது. அதற்கு எங்கே போவார்?

அன்று திரும்பி வந்து, "இனி ஒரு இடத்துக்கும் எழுதிப்போட மாட்டன், அஃபீஃபா. சைக்ளாய்டு புத்தகத்தையாவது முடிச்சிடுவன்," என்றார்.

"நீ முடிச்சிருவ பாரு," என்றேன். என் வாக்கு பொய்த்தது! புற்றுநோய் நான்கே மாதம்தான் கொடுத்தது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று நான் இங்கே உறுதி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன்? அவர் இடத்துக்கு இன்னும் ஆள் இல்லை. முகாமில் அவரிடம் படித்த மயூரி கல்லூரியை விட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். தேடிப் போய்க் கேட்டேன். "டீச்சருக்கே வேலை கிடைக்கேல்ல, நான் படிச்சு என்ன செய்யிறது?" என்றாள். இங்கே யாரிடமாவது இதற்குப் பதில் இருக்கிறதா?

அவர் எழுதிவைத்த நூற்று நாற்பது பக்கங்களையும் தட்டச்சு செய்து வைப்பேன். என்னால் சொல்ல முடிந்த உறுதி இவ்வளவுதான். கடைசிப் பக்கம் ஒரு சமக்குறியோடு நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குறிவரைக்கும் அடிப்பேன்.