இரண்டு மாரியம்மாவும் ஒரு கணினியும்

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் தோட்ட நிர்வாகி அவர்களே, ஆலயத் தலைவர் பெரியவர் ராமசாமி அவர்களே, ரப்பர்ப் பால்மரம் வெட்டிக் காய்த்த கைகளை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வேலியோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே, சிரம்பானிலிருந்து வந்திருக்கும் கணினித் தோழர்களே! உங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் இராஜமாணிக்கத்தின் அன்பு வணக்கம்!

என்ன, கைதட்டல் இளைத்துப் போயிருக்கிறது? தேநீர் இன்னும் வரவில்லையா? வரும். அதற்கு முன் ஒரு கதை வரும்!

நோயாளிகளின் விவரங்களைத் திரையில் காட்டும் மென்பொருளை நமக்குச் செய்து தந்தவர் யார்? இதோ, மேடையில் வீற்றிருக்கும் விசுவநாதன் அவர்களின் நிறுவனம்! முன்பெல்லாம் அவர்கள் எப்படி வேலை செய்தார்கள்? வந்தார்கள், கேட்டார்கள், போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், மாதக்கணக்கில் எழுதினார்கள், முடித்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டமொன்று, தான் கேட்டது இதுவல்ல என்று திருப்பி அனுப்பியது. உழைத்த பிள்ளைகள் உடைந்து போனார்கள். உட்கார்ந்து யோசிக்க நேரமேது? அடுத்த திட்டம், அடுத்த ஓட்டம், அதே தவறு!

நம் திட்டத்துக்குத் தலைவியாக வந்த ஆவுடையம்மை அந்த வழக்கத்தை மாற்றினார். வாரந்தோறும் ஒரு பகுதியை முடித்து இங்கே கொண்டுவந்தார். நானும் தாதியும் தட்டிப் பார்த்தோம், குறை சொன்னோம். அவர் திருத்தி வந்தார். எழுதுபவர் ஒருவர், சோதிப்பவர் இன்னொருவர் என்று விதி வைத்தார். இப்படிக் காட்டிக்கொண்டே இருந்தால் முடிப்பது எப்போது என்று விசுவநாதன் கவலைப்பட்டார். சிரிக்காதீர்கள் ஐயா, நீங்களே என்னிடம் சொன்னதுதான்!

திறப்பு விழா நெருங்கியது. விருந்தினரை அழைத்தாயிற்று, வாழைமரம் கட்டியாயிற்று. விழாவுக்கு முதல் நாள் மதியம், ஆவுடையம்மையின் குழுவில் நஜிமுதீன் எழுதிய பகுதியை ஹசீனா பேகம் சோதித்தார். நம் தோட்டத்தில் மாரியம்மா என்ற பெயரில் இருவர் உண்டல்லவா? ஒருவருக்குப் பென்சிலின் ஆகவே ஆகாது. ஹசீனா அவரைத் தேடினார். திரையோ மற்றவரின் விவரத்தைக் காட்டியது. பென்சிலின் கொடுக்கலாம் என்றது!

விசுவநாதன் தலையில் கை வைத்தார். திங்களன்று இதே பிள்ளைகள் அடுத்த திட்டத்துக்குப் போயாக வேண்டும். விழாவை நடத்திவிட்டுப் பிறகு சரிசெய்யலாமே என்றார். ஆவுடையம்மை குரலை உயர்த்தவில்லை.

"விழாவத் தள்ளி வைக்கலாம் சார். ஊசியப் போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாது லா."

விசுவநாதன் தொலைபேசியை எடுத்து, தாமே நிர்வாகியை அழைத்து விழாவை நிறுத்தினார். தட்டுங்கள் கையை! அந்தத் துணிச்சலுக்குத் தட்டுங்கள்!

அடுத்து நடந்ததுதான் அதனினும் பெரிது. யார் செய்த பிழை என்று எவரும் கேட்கவில்லை. எப்படி நுழைந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரே பெயரில் இருவர் இருப்பார்களா என்று தொடக்கத்தில் யாருமே கேட்டிருக்கவில்லை. நஜிமுதீன் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாக நடந்து, வீடு வீடாக அடையாள அட்டை எண்களைச் சரிபார்த்து, பெயரை விட்டு எண்ணால் தேடும்படி மாற்றினார். ஒரே பெயரில் இருவர் உண்டா என்ற அந்தக் கேள்வியை இன்று அவர்கள் ஒவ்வொரு புதிய திட்டத்திலும் முதலிலேயே கேட்கிறார்கள்.

பலன் என்ன? போன மாதம் நான் விடுப்பில் இருந்தபோது பென்சிலின் ஆகாத மாரியம்மா காய்ச்சலோடு வந்தார். என் இடத்தில் இருந்தவர் தோட்டத்துக்குப் புதியவர். பென்சிலினைக் கையில் எடுத்தபடி அவர் திரையைப் பார்த்தார். சிவப்பு எழுத்து எச்சரித்தது! மருந்தை மாற்றினார். இதோ, முன்வரிசையில் முழு நலத்தோடு உட்கார்ந்திருக்கிறார் மாரியம்மா!

கணினித் தோழர்களே! வேகம் வேண்டாமா? வேண்டும். வேலை முடிய வேண்டாமா? முடிய வேண்டும். ஆனால் காட்டிக் காட்டிக் கட்டுங்கள், கேட்டுக் கேட்டுத் திருத்துங்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் சோதியுங்கள், ஒரு திட்டத்தில் கற்றதை அடுத்த திட்டத்துக்குக் கையோடு கொண்டு செல்லுங்கள்! தேதி தவறினால் இன்னொரு தேதி உண்டு. மாரியம்மா தவறினால் இன்னொரு மாரியம்மா உண்டா?

உண்டு என்று யாரோ ஒரு குறும்பன் குரல் கொடுக்கிறான்! தம்பி, பெயர் இரண்டு பேருக்குப் பொது. உயிர் பொதுவா?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமையோடு பிழை தேடிய இவர்களுக்கும் நன்றி. ஆவுடையம்மைக்கு மாலை சூட்டுமாறு மாரியம்மா அக்காவை மேடைக்கு அழைத்து, நான் வழிவிடுகிறேன். வணக்கம்!