செம்புப் பட்டை

பேட்டரி அறைக் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய இரண்டு வளையல்களும் என்னுடையவைதாம். அவை யாருடையவை என்று கண்டுபிடிக்க உங்கள் ஆட்கள் நான்கு நாள் அலைந்ததாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். அந்த ஆணியை அடித்தவளும் நான்தான். பேட்டரிக்கு அருகில் போகிறவர் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. வளையல் இரண்டு முனைகளுக்கு நடுவே பட்டுவிட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து கையோடு ஒட்டிக்கொள்ளும். முப்பத்தோராண்டுத் தொழிலில் ஒரு நாளும் நான் வளையலோடு உள்ளே நுழைந்ததில்லை. கடைசி முறையும் நுழையவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்டால் வரிசை குலையும். முடித்த பிறகு கேளுங்கள்.

அது ஐந்து மாடிக் கட்டடம். படிக்கட்டு நட்டநடுவில், ஒரு ஜன்னல்கூட இல்லாமல், சுற்றிச் சுற்றி ஏறுகிறது. மின்சாரம் போனால் நடுப்பகலிலும் அங்கே தன் கை தனக்குத் தெரியாது. ஜெனரேட்டரும் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அவசர விளக்கு வைத்தோம். அடித்தளத்தில் பதினெட்டுப் பேட்டரிகள், ஒன்பது ஒன்பதாக இரண்டு அடுக்கு. மெயின் நின்றால் ஐந்து நொடிக்குள் எல்லா விளக்குகளும் எரிய வேண்டும்; மூன்று மணி நேரம் அணையக் கூடாது. நானும் என் தம்பியும் பதினாறு ஆண்டுகளுக்கு முன் அதை அமைத்தோம். மற்றக் கம்பிகளோடு கலக்காமல் அவசர விளக்குக்கென்று தனிக் குழாய் பதித்தோம். ஒவ்வொரு கம்பியின் இரு நுனியிலும் எண் எழுதினேன். இப்போதும் போய்ப் பாருங்கள், ஓர் எண்கூட அழிந்திருக்காது.

இரண்டு அடுக்குகளையும் இணைப்பது உள்ளங்கை நீளமுள்ள ஒரு செம்புப் பட்டை. வேலை தொடங்குமுன் முதலில் கழற்றுவது அதைத்தான். அதைக் கழற்றிவிட்டால் மொத்த அடுக்கும் செத்ததற்குச் சமம். வேறு யாரும் தெரியாத்தனமாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காக, கழற்றியவர் தம் பையிலேயே அதை வைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அவரே மாட்டுவார். பட்டையை மாட்டிய பிறகுதான் பேட்டரிகளின் மேலுள்ள மரமூடியை மூட வேண்டும். மூடி மூடியிருந்தால் பட்டை உள்ளே இருக்கிறது என்று பொருள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் இருவருக்குள் நாங்கள் வைத்துக்கொண்ட முறை.

ஆயினும் மூடியை மட்டும் நம்பக் கூடாது என்று இன்னொரு முறையும் வைத்திருந்தேன். கட்டடத்தை விட்டுப் புறப்படுமுன் ஒருவர் மற்றவரிடம் கேட்க வேண்டும்: "பட்டை உன்கிட்டயா, என்கிட்டயா?" இரண்டு பேர் பையிலும் இல்லையென்றால்தான் வண்டியை எடுப்போம். அது நாளாவட்டத்தில் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஊருக்குப் போகக் கதவைப் பூட்டினால், "பட்டை யார்கிட்ட?" என்பான், சாவியைக் கேட்கிறான் என்று பொருள். அவன் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில், "இந்த வீட்ல எதுக்கெடுத்தாலும் பட்டை, பட்டைங்கறீங்களே, அது என்ன சாமியா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அந்தக் கட்டடத்தில் எனக்குப் பழக்கமானவர் லிஃப்ட் ஓட்டும் அம்மாள். அவரை எல்லாரும் லிஃப்ட்காரம்மா என்பார்கள். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நாள் முழுவதும் ஏறி இறங்குவார். என்னை இன்ஜினியரம்மா என்பார். நான் இன்ஜினியர் அல்லள், மேற்பார்வையாளர் உரிமம் உள்ளவள் என்று பலமுறை திருத்தியிருக்கிறேன்.

"இன்ஜினியரம்மா, நீங்க மாட்டுன விளக்கு எரிஞ்சு நான் ஒரு நாளும் பாத்ததில்லையே. மெய்யாவே எரியுமா, இல்ல சும்மா அழகுக்கா?"

"எரியற நிலைமை வராம இருக்கறதே நல்லது."

"அப்ப என்னை மாதிரிதான். சும்மா உக்காந்திருக்கச் சம்பளம்."

மின்சாரம் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். லிஃப்டை விட்டு வெளியே வாருங்கள். எல்லாரையும் படிக்கட்டுக்கு அழையுங்கள். அங்கே விளக்கு எரியும். அவர் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்.

இனி அந்த நாள். பழைய பேட்டரிகளை மாற்றிப் புதியவற்றை வைக்கும் வேலை. தம்பிக்கு வேறிடத்தில் அலுவல் இருந்ததால் நான் மட்டும் போனேன். சார்ஜரை நிறுத்தினேன், பட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன், பிடியில் ரப்பர் சுற்றிய ஸ்பேனரால் ஒவ்வொரு முனையையும் முறுக்கினேன். பட்டை மட்டும் பாக்கி. அப்போது கட்டடத்தின் மேலாளர் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். மேலே போனேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஓய்வுக்கு அப்புறமும் நீங்களே வந்து செய்யறீங்களே, பெரிய மனசு உங்களுக்கு" என்றார்.

எந்த ஓய்வு என்று கேட்டேன். அவர் அலுவலகக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வயது காரணமாக நான் தொழிலிலிருந்து விலகுகிறேன், இனி எல்லாப் பொறுப்பும் என் தம்பியுடையது என்று ஒரு கடிதம். அடியில் என் கையெழுத்து. நான் இட்டதன்று. என் கையெழுத்தின் கடைசிச் சுழி இடப்பக்கம் திரும்பும். அதில் வலப்பக்கம் திரும்பியிருந்தது. அவன் கைப்பழக்கம் அது. தேதியைப் பார்த்தேன். மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதமும் அவனோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போயிருக்கிறேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து எறங்குக்கா" என்று சொல்லியிருக்கிறான். பதிவேட்டில் என் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, என்னை விளையாட விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான்.

தேநீரைக் குடித்து முடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். வீட்டுக்கு வந்தேன். பட்டை பையில் இருந்தது.

உங்களிடம் நேற்று முதலில் இவ்வளவுதான் சொன்னேன். மனக்குழப்பத்தில் மறந்து கொண்டுவந்துவிட்டார் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் எதையும் மறக்கிறவள் அல்லள்.

அன்றிரவு சாப்பிடும்போது தம்பி கேட்டான். "வேலை முடிஞ்சுதாக்கா?"

"மூடியாச்சு" என்றேன்.

"சரி. சார்ஜர்?"

"பச்சை விளக்கு எரியுது."

"அப்ப நான் போயி ரிஜிஸ்டர்ல எழுதிடறேன். நீ அலையாதே."

நான் சொன்ன இரண்டும் உண்மை. மூடியை மூடிவிட்டுத்தான் வந்திருந்தேன். தேநீருக்குப் பிறகு மீண்டும் அடித்தளத்துக்குப் போய், கருவிகளை எடுத்து வைத்து, பட்டை இல்லாமலேயே மூடியை மூடி, சார்ஜரை ஓட விட்டேன். சார்ஜர் உயிரோடிருந்தால் பச்சை விளக்கு எரியும். பேட்டரி இணைந்திருக்கிறதா என்று அது சொல்லாது. பக்கத்திலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினாலும் சார்ஜர் தரும் மின்சாரத்தில் விளக்குகள் ஒழுங்காகவே எரியும். மெயினை இறக்கினால்தான் உண்மை தெரியும். அது தம்பிக்கும் தெரியும்.

நான் அவனிடம் எதிர்பார்த்தது ஒரே ஒரு கேள்விதான். பட்டை உன்கிட்டயா, என்கிட்டயா? கேட்டிருந்தால் எடுத்து அவன் கையில் கொடுத்திருப்பேன். கடிதத்தைப் பற்றி அப்போது பேசியிருப்பேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனான். மறுநாளும் கேட்கவில்லை. தினமும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். பட்டை என் கைப்பையில், சுவரோரம், அவனிடமிருந்து நான்கடித் தொலைவில் இருந்தது. பத்தொன்பது நாள் காத்திருந்தேன். அவ்வளவு பொறுமை எல்லாருக்கும் வராது.

பத்தொன்பதாம் நாள்தான் ஆண்டுச் சோதனை. மெயினை இறக்கிவிட்டு, பேட்டரி மூன்று மணி நேரம் தாங்குகிறதா என்று கூடவே இருந்து பார்க்க வேண்டிய நாள். அன்று மாலை ஆறு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட்காரம்மா முக்காலியில் இருந்தார்.

"தம்பி காலையில வந்தாரும்மா. வந்தாரு, விளக்குக்கெல்லாம் ஒரு வணக்கம் போட்டாரு, போயிட்டாரு. டீ கூடக் குடிக்கல."

"எவ்வளவு நேரம் இருந்தான்?"

"நான் ரெண்டு தடவை மேல போயி எறங்கறதுக்குள்ள ஆளைக் காணோம். என்னம்மா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? தம்பியோட சண்டையா?"

இல்லை என்றேன்.

"இருந்தாலும் சொல்லவா போறீங்க. கீழ போயிட்டு சீக்கிரம் வாங்க, பாட்டு வகுப்பு விட்டா எனக்குப் பேச நேரம் இருக்காது."

ஐந்தாம் மாடியில் ஓய்வுபெற்றவர்களுக்கான பாட்டு வகுப்பு, ஆறரைக்கு முடியும். அடித்தளத்தில் இறங்கிப் பதிவேட்டைத் திறந்தேன். அன்றைய தேதியிட்டு, "மூன்று மணி நேரம் எரிந்தன. குறை ஏதுமில்லை" என்று தம்பி எழுதியிருந்தான். கீழே அவன் கையெழுத்து, இந்த முறை அவன் பெயரிலேயே.

பொய்யான பதிவு ஒன்று புத்தகத்தில் இருப்பதை என்னால் சகித்துக்கொள்ள முடியாது. ஆகவே அவன் செய்யாத சோதனையை நான் செய்ய முடிவு செய்தேன். வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அறைக்குள் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். பட்டை இருக்க வேண்டிய இடத்தில் தூசி படிந்திருந்தது. அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூடியைப் பழையபடி மூடினேன். சோதனையின்போது எதையும் மாற்றக் கூடாது.

கட்டடத்தில் ஆள் இல்லாத நேரத்தில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது விதி. அந்த ஒரு விதியை நான் மீறினேன். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு முப்பத்தைந்துக்கு மெயின் கைப்பிடியை இறக்கினேன்.

ஐந்து நொடி எண்ணினேன். எரியவில்லை. டார்ச் நான் எடுத்துப் போயிருக்கவில்லை. அந்தக் கதவுக்கு மேலேயே ஒரு விளக்கு உண்டு, நான் என் கையால் மாட்டியது. அது எரியாது என்று தெரிந்தும் ஏன் டார்ச் இல்லாமல் போனீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். நான் அண்ணாந்து அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபது வரை எண்ண வேண்டும் என்பது என் வழக்கம். இருபதுக்குப் பக்கத்தில் லிஃப்ட்காரம்மாவின் குரல் கேட்டது. படிக்கட்டு ஒரு கிணறு போல. மேலே பேசுவது கீழே தெளிவாகக் கேட்கும். "யாரும் பயப்படாதீங்க. படிக்கு வாங்க. படியில விளக்கு எரியும், வாங்க" என்று அவர் கூப்பிட்டார். நான் சொல்லிக் கொடுத்த அதே வரிசையில், ஒரு சொல் பிசகாமல் சொன்னார். காலடிச் சத்தம் பல கேட்டது. "எங்கேம்மா விளக்கு?" என்று ஒரு வயதான ஆண் குரல். "இந்தா வந்துரும். நம்ம இன்ஜினியரம்மா போட்டது" என்றார். நாற்பத்தொன்றில் முதலில் ஒருவர் விழுந்தார். பிறகு பலர், ஒருவர் மேல் ஒருவராக. அறுபது வந்ததும் எண்ணுவதை நிறுத்தினேன்.

கைப்பிடியை ஏன் மீண்டும் ஏற்றவில்லை என்று கேட்பீர்கள். எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே மெயினை ஏற்ற வேண்டும் என்று அந்தச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதியது நான்தான். அதில் இப்போது என் பெயர் இல்லை. சுவரைத் தடவிக்கொண்டே பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். இருட்டில் வளையல் ஆணி கைக்கு அகப்படவில்லை.

மூன்று பேர் இறந்தார்கள் என்று மறுநாள் தெரிந்தது. பாட்டு வகுப்பைச் சேர்ந்த இருவர், மூன்றாவது லிஃப்ட்காரம்மா. அவர் முன்னால் நடந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டவன் என்பதால் என் தம்பியைக் கைது செய்தீர்கள். அதில் பிழையில்லை. பொய் எழுதியது அவன்தான்.

நேற்று எங்கள் இருவரையும் இந்த அறையில் எதிரெதிரே உட்கார வைத்தீர்கள். நான்கு நாளில் பத்து வயது கூடிவிட்டவன் போல இருந்தான். கடிதத்தைப் பற்றி அவனே தொடங்கினான்.

"நீ ரெண்டு தடவை ஏணியிலிருந்து விழப் பாத்தேக்கா. சொன்னா கேக்க மாட்டே. லைசென்ஸ் ஆபீஸ்ல கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டாங்க. நீ தேற மாட்டேன்னு தெரியும். வேலைக்கே போகக் கூடாதுன்னா நீ செத்துடுவே. அதான் பேரை மட்டும் மாத்தினேன்."

"ஆண்டுச் சோதனையை ஏன் செய்யலை?" என்று கேட்டேன்.

"நீ மூடினதை நான் எதுக்குத் தொறந்து பாக்கணும்? என்னிக்காவது பாத்திருக்கேனா?"

அப்போதுதான் நீங்கள் அந்த உறையைப் பிரித்து வளையல்களை மேசைமேல் வைத்தீர்கள். எங்கள் அம்மாவின் வளையல்கள். அவற்றை அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் கைப்பையைப் பார்த்தான். மிக மெதுவாகக் கேட்டான்.

"பட்டை... உன்கிட்டயாக்கா?"

"என்கிட்டத்தான்" என்றேன். பையைத் திறந்து எடுத்து வைத்தேன். துடைத்துத்தான் வைத்திருந்தேன், களிம்பு ஏறவில்லை.

அவ்வளவுதான். அந்தப் பத்தொன்பது நாளில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டிருந்தால் இத்தனை பேருக்கு இத்தனை சிரமம் இல்லை. ஆயினும் கேட்டுவிட்டான். கேட்க வேண்டியவளிடம் கேட்க வேண்டிய முறையில் கேட்டுவிட்டான் என்பதால், அவன் செய்த துரோகத்தை நான் அக்கணமே மன்னித்துவிட்டேன். மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவன் அப்படி அழுதானே, அது அதற்காகத்தான். அக்கா மன்னித்துவிட்டாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.