புது மெழுகுவத்தித் தெரு

இல்ல சார், நீங்க மொதல்ல போய் நின்னது டவுன்ல இருக்கற மெழுகுவத்தித் தெரு. அங்கயும் ஒம்பதாம் நம்பர் உண்டு. நகராட்சி ஆளு நீங்களே தப்பாப் போறீங்கன்னா மத்தவங்களச் சொல்லி என்ன. உக்காருங்க. அதுல வேணாம், கால் ஆடும்.

ம், என் மனுதான். தெருப் பேருக்கு முன்னாடி புதுன்னு ஒண்ணு இருந்துச்சு, எடுத்துட்டாங்க, மறுபடி சேக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. ஊர் வரலாறு, வசதின்னு ரெண்டு கட்டம் காலியா இருக்கா? சொல்றேன், எழுதிக்கோங்க.

ஜன்னல் வழியாப் பாருங்க, பேராலயத்துக் கோபுரம், கட்டைவிரல் அளவு தெரியுதுல்ல? எங்க பூர்வீகம் அதோட காலடிதான். மணி அடிக்கறவங்க, மெழுகுவத்தி ஊத்தறவங்க, கல்லு கொத்தறவங்க, எல்லாம் பின்னாடி சந்துங்கள்ல ஒரே வீட்டுக்குள்ள நாலு குடும்பமா நெருக்கியடிச்சுக் கெடந்தாங்க. எடம் பத்தலன்னு பதினாலு கிலோமீட்டர் தள்ளி இங்க வீடு கட்டுனாங்க. அண்ணன்மாருங்க அங்கயே இருந்துக்கிட்டு தம்பிங்கள இங்க தள்ளி விட்டாங்க. மனசு சங்கடப்படக் கூடாதுன்னு அதே தெருப் பேர வெச்சாங்க, முன்னாடி ஒரு புதுவ ஒட்டி. எங்கப்பா தம்பி. எனக்கு அப்ப ஆறு வயசு.

அந்தப் புது இருக்கே, அது எங்களுக்கு முள்ளு. எங்க போனாலும், ஓ, புதுத் தெருக்காரங்களான்னு ஒரு இழுப்பு இழுப்பாங்க. பெரியப்பா பசங்களே இழுப்பானுங்க.

வசதியா? இருக்கு. லைப்ரரி இருக்கு, வாரத்துல ரெண்டு நாள் தொறப்பாங்க. நீச்சல் குளம் இருக்கு, தண்ணி இல்ல. பஸ்ஸு முக்கா மணிக்கு ஒண்ணு. ஆஸ்பத்திரின்னு ஒரு ரூம், நர்ஸம்மா மத்தியானம் வரைக்கும் இருப்பாங்க. அதுக்கு மேல எதுன்னாலும் டவுன்லேருந்துதான் வரணும். அதையும் எழுதுங்க.

கையெழுத்து ஒண்ணுதான் இருக்கும், என்னுது. பாதித் தெரு ஒத்துக்கணும்னு விதி இருக்கறது தெரியும் சார். நடக்காதுன்னும் தெரியும். பக்கத்து வீட்டு டெய்லர் நல்ல மனுஷன், உள்ள கூப்ட்டு உக்கார வெச்சாரு, கையெழுத்து மட்டும் போடல. பட்ட அவமானம் போதும்ங்கறாரு. அவர்கிட்ட நான் என்னன்னு வாதாடறது? பதினோரு வருஷத்துக்கு முன்னாடி புதுவ எடுக்கணும்னு அதே வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்குனவனே நான்தான். அப்ப நான்தான் தெருச் சங்கச் செயலாளர். நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து. உங்க ஃபைலுக்கு அடியில கெடக்கும் பாருங்க.

அப்ப உங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு, ஒரே பேர்ல ரெண்டு தெரு இருந்தா குழப்பம் வராதான்னு. சிரிச்சேன். முப்பத்தோரு வருஷம் தபால் பிரிச்சவன் சார் நான். எழுத்தப் பாத்தே இது அண்ணன் தெரு, இது தம்பி தெருன்னு பிரிச்சுப் போடுவேன். தப்பிப் போனாத்தான் என்ன, மறுநாள் திரும்பி வந்துரும்னு அவருக்குப் பாடம் எடுத்தேன். அப்புறம் யாரோ வாங்குன சோபா டவுனுக்குப் போச்சு, யாரோட கேக்கோ போச்சு. ஊரே சிரிச்சோம்.

காரணம்ங்கற கட்டமா? அதை எழுத உக்காந்தேன், கை வரல. நீங்களே எழுதிக்கோங்க.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழம சாயந்தரம் வீட்டுக்காரிக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன். மெழுகுவத்தித் தெரு, ஒம்பதாம் நம்பர்னு நிதானமாச் சொன்னேன். புதுன்னு வாயில வரல. சொல்லக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவனாச்சே. பத்து நிமிஷத்துல போன் வந்துச்சு. வாசல்லதான் நிக்கறோம், கதவத் தொறங்கன்னாங்க. நான் கதவ அகலத் தொறந்து வெச்சு வாசல்லதான் சார் நிக்கறேன். தெருவுல ஒரு வண்டி இல்ல. தொறந்துதான் இருக்கு, வாங்க வாங்கன்னு சொல்றேன். உள்ளேருந்து அவ, வந்துட்டாங்களான்னு கேட்டா. அதுக்குள்ள எனக்குப் புரிஞ்சு போச்சு.

வந்துட்டாங்கம்மான்னு சொன்னேன்.