வெறும் வயிற்றோடு வரவும்

காலைச் சாப்பாட்டை மனிதர்கள் தேவைக்கு மேல் பெரிதாக்குகிறார்கள் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், டாக்டர் சிந்தியா ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். "நடந்தத அப்படியே எழுதுங்க அக்கா. கடைசில, இனி செய்யமாட்டேன்னும் எழுதணும்."

எழுதுகிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

என் பெயர் பூங்கனி. குளச்சலில் இந்தப் பல் கிளினிக்கில் பதினான்கு வருடமாக உதவியாளர். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், மறுநாள் வரவேண்டியவர்களுக்குப் போன் செய்து நினைவூட்டுவதும் என் வேலை. நாற்காலியில் சாய்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். திறந்தால் விளக்கைப் பார்ப்பார்கள். என் முகத்தை யாரும் பார்த்ததாக நினைவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு, சிகிச்சையின் நடுவில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று பயிற்சி கொடுக்க ஆன்ட்ரூஸ் சார் வந்தார். கையும் காலும் இல்லாத ஒரு ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தினார். நெஞ்சைச் சரியாக அழுத்தினால் அதன் தோளில் பச்சை விளக்கு எரியும். டாக்டர் அழுத்தியபோது சிவப்பு எரிந்தது. வரவேற்பில் இருக்கும் சிஜின் பாதியில் எண்ணிக்கையை மறந்துவிட்டு, பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டான். நான் அழுத்தினேன். முப்பது முறையும் பச்சை.

"அக்கா இருக்கற எடத்துல ஒருத்தனும் சாவமாட்டான்," என்றார் ஆன்ட்ரூஸ் சார். அவசர மருந்துப் பெட்டியின் சாவி என்னிடம் இருக்கட்டும் என்று சொன்னதும் அவர்தான். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "பழகிக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா மூணு மாசத்துல கை மறந்துரும்."

இரண்டு மாதமும் இருபது நாளும் போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைத் தினமும் துடைத்தேன்.

அப்போதுதான் முட்டத்திலிருந்து அல்போன்ஸ் வந்தார். ஆறடி ஆள், கடலில் இரண்டு முறை படகு கவிழ்ந்து நீந்திக் கரையேறியவர். ஊசியைப் பார்த்ததும் சரிந்தார். நாற்காலியைப் படுக்க வைத்தேன், காலை உயர்த்தினேன், சட்டையைத் தளர்த்தினேன், ஆக்சிஜன் வைத்தேன். நாற்பது நொடியில் கண் திறந்து நேராக என்னைப் பார்த்தார்.

"நீ யாரு மக்கா?"

அந்த நாற்காலியிலிருந்து ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் முழு நெய்மீன் ஒன்று கொண்டுவந்தார். மீன் எனக்கு முக்கியமில்லை. கடலிலிருந்து நேராக, ஒன்றும் சாப்பிடாமல் வந்தாராம். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு வருகிறவர்களிடம் "சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லவேண்டும். நான் "சாப்பிடாம வாங்க" என்றேன். போனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கேட்கும். கர்ப்பிணிகளையும் நெஞ்சுவலிக்காரர்களையும் விட்டுவிட்டேன். வாரத்துக்கு இரண்டு பேர் போதும். சிலர் மயங்காமல், பசியோடு பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அவர்களுக்காக வருந்துகிறேன். மயங்கிய பதினோரு பேரும் கண் திறந்து முதலில் பார்த்தது என்னை.

பன்னிரண்டாவது, மீன் வியாபாரி முகம்மது மீரான். அவருக்குச் சர்க்கரை நோய் என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. எழுதியது நான்தான். ஆன்ட்ரூஸ் சார் தந்த ஆபத்துகளின் பட்டியலில், மயக்கத்துக்கு அடுத்தபடியாக இருந்தது ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போவது. சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வந்தவர், வியர்த்து, உளறி, தலை தொங்கினார். குளுக்கோஸை ஈறில் தடவி மீட்டேன். தேடி எடுக்க வேண்டியிருக்கவில்லை. காலையிலேயே குழைத்து வைத்திருந்தேன்.

இன்று காலை அவர் மனைவி மைமூன் பீவி நன்றி சொல்ல அல்வாவோடு வந்தார்.

"இந்த ஆஸ்பத்திரி மாதிரி வராது டாக்டரே. ஒண்ணும் தின்னாம வரணும்னு போன் போட்டும் சொல்லுதா, மயங்கி விழுந்தா பிடிச்சும் நிறுத்துதா."

அல்வாவை வாயில் போட்டிருந்த சிஜின் மெல்லுவதை நிறுத்தினான்.

"நீங்களா அக்கா தின்னாம வரச் சொன்னீங்க?" என்றார் டாக்டர்.

"பல்லு சுத்தமா இருக்கும்லா டாக்டர்," என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். நான் யாரையும் மயக்கவில்லை, பசிதான் மயக்கியது. நான் எழுப்பினேன்.

மணி மூன்று. டாக்டர் எதிரில் நின்று கையை நீட்டுகிறார். "கடைசி வரிய எழுதிட்டு, பெட்டிச் சாவியத் தாங்க அக்கா." குரல் நடுங்குகிறது. மைமூன் பீவி போனதிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமல் கிடக்கிறது. நெற்றியில் வியர்வை.

அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. சாவியைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் உதடு வெளுத்துக்கொண்டு வருவதை இங்கே என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.